கறுப்பு முக்காடு முதல் கைத்தொலைபேசித் திரை வரை: விளம்பரத்தின் கதை

பத்தாம் நூற்றாண்டில் அபுல் பரஜ் அல்-இஸ்பஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' அரபுக் கவிஞர்களையும் பாடகர்களையும் பற்றிய செய்திகளின் பெருங்களஞ்சியம். அதிலே ஒரு கதை வருகின்றது. கூபா நகரத்து வணிகர் ஒருவர் பெண்களுக்கான முக்காட்டுத் துணிகளை மதீனாவுக்குக் கொண்டுவருகின்றார். மற்ற நிறத் துணிகளெல்லாம் விற்றுப்போகக் கறுப்பு மட்டும் தேங்கிக் கிடக்கின்றது. அவருடைய நண்பர் தாரிமி ஒரு காலத்தில் பேர்பெற்ற கவிஞராக இருந்தவர். அப்போது கவிதையையும் இசையையும் துறந்து பள்ளிவாசலில் வணக்கத்தில் ஒதுங்கியிருந்தார். நண்பரின் கவலையைக் கேட்ட அவர், கறுப்பு முக்காடணிந்த ஓர் அழகியைக் கண்டு தன் வணக்கத்தை மறந்து நின்ற துறவி ஒருவரைப் பற்றிச் சில வரிகள் இயற்றிக் கொடுத்தார். பாடகர் ஒருவர் அதற்கு இசையமைத்துப் பாடினார். தாரிமி துறவறத்தைக் கைவிட்டுவிட்டார் என்ற பேச்சு நகரெங்கும் பரவியது. பெண்கள் கறுப்பு முக்காட்டையே தேடி வாங்கினர். சரக்கு முழுவதும் தீர்ந்த பின்னர் கவிஞர் மீண்டும் பள்ளிவாசலுக்குத் திரும்பிவிட்டார்.

இக்கதையில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. அந்தத் துணியின் நெசவு எத்தகையது, விலை என்ன, சாயம் போகுமா போகாதா என்பன பற்றித் தாரிமியின் கவிதை எதுவும் கூறவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது. அதை அணிந்தால் எப்படிப் பார்க்கப்படுவாய் என்பதையே அது சொன்னது. இன்றைய தொலைக்காட்சி விளம்பரமும் இதைத்தான் சொல்கின்றது. அந்த வகையில் இக்கதையை விளம்பரக் கலையின் பாலபாடம் எனலாம்.

எனினும் தாரிமியின் காலத்துக்கும் நமது காலத்துக்கும் இடையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. விளம்பரம் முதலில் பண்டம் ஒன்று இருப்பதை அறிவித்தது. பின்னர் அப்பண்டத்தின் மீது ஆசையை வளர்த்தது. இறுதியில் அதைப் பார்க்கும் மனிதனையே பண்டமாக்கி விற்கத் தொடங்கிவிட்டது. இம்மூன்று படிகளையும் வரலாற்றின் ஒழுங்கில் நோக்குவது பயனுள்ளது.

சுவரும் கொடியும் குரலும்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்துபோன உரோம நகரம் பொம்பேயி. அந்த அழிவே அதன் தெருச்சுவர்களை நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளது. அச்சுவர்களில் தேர்தல் வேட்பாளர்களுக்கு ஆதரவு கோரும் வாசகங்கள் நூற்றுக்கணக்கில் காணப்படுகின்றன. யூலை முதலாந் திகதியிலிருந்து கடைகளும் வீடுகளும் வாடகைக்குக் கிடைக்கும் என்ற அறிவித்தலும் உண்டு. வாட்போர்க் காட்சிகள் பற்றிய அறிவித்தல்களில் பார்வையாளருக்கு வெயில்படாமல் மேலே திரை கட்டப்பட்டிருக்கும் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறார்கள். எமிலியஸ் செலர் என்ற எழுத்தோவியர் ஓர் அறிவித்தலின் ஓரத்தில், நிலவொளியில் தனியொருவனாக இதை எழுதினேன் என்று தன் பெயரையும் பொறித்திருக்கிறார். பெயர் தெரிந்த விளம்பர எழுத்தாளர்களுள் மிகப் பழையவர்களில் ஒருவர் அவர். மீன்சாறு வணிகரான அம்ப்ரிசியஸ் ஸ்கோரஸ் என்பவரோ தனது சாறே சிறந்தது என்ற வாசகத்தைச் சாடிகளின் உருவத்தோடு தன் வீட்டு முற்றத்தின் தரையிலேயே வண்ணக்கற்களால் பதித்துவைத்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளியும் விளம்பரத்தை மிதித்தே உள்ளே வரவேண்டும்!

தமிழ் மரபிலும் இதற்கு இணையான செய்திகள் உள. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பேசும் பட்டினப்பாலை, கள் விற்கும் கடையின் கொடியையும் சேர்த்தே பேசுகின்றது. எழுத்தறியாதவனுக்கும் தூரத்திலிருந்தே கடையைக் காட்டிக்கொடுத்த அக்கொடி இன்றைய பெயர்ப்பலகையின் மூதாதை. மணிமேகலையின் விழாவறை காதையில் யானையின் பிடரியில் முரசேற்றி இந்திரவிழா நகருக்கு அறிவிக்கப்படுகின்றது.

சீனாவில் சொங் வம்ச காலத்தில் (960-1279) ஜினான் நகரிலிருந்த லியூ குடும்பத்தின் ஊசிக்கடை செப்புத்தகடு ஒன்றைச் செய்துவைத்திருந்தது. அதன் நடுவிலே உலக்கை பிடித்த வெள்ளை முயல். சுற்றிவர, நல்ல உருக்குக் கம்பி வாங்கி நேர்த்தியான ஊசி செய்கிறோம், கடைவாசலில் உள்ள வெள்ளை முயலை அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்ற கருத்திலான வாசகங்கள். இதைக் கொண்டு எத்தனை தாள்களையும் அச்சடிக்கலாம். வணிகச் சின்னமும் அச்சு விளம்பரமும் ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் முன்னரே சீனாவில் ஒன்றுசேர்ந்துவிட்டன என்பதற்கு பீஜிங் அருங்காட்சியகத்தில் இருக்கும் இத்தகடு சாட்சி.

அரபுலகச் சந்தைகளில் கூவி விற்றுக்கொடுக்கும் தரகர்கள் 'தல்லால்' எனப்பட்டனர். அங்கு விற்பவனின் சொல்லுக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் நாமறிந்த ஹதீஸ். பொருளின் குறையைச் சொல்வது விற்பவனின் கடமை என்பது இதன் சாரம். பிற்காலத்தில் சந்தையை மேற்பார்வை செய்வதற்கு 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி இருந்தார். சிரியாவைச் சேர்ந்த அஷ்-ஷைஸரி பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வதிகாரிகளுக்காக எழுதிய கைந்நூல், ஒவ்வொரு தொழிலிலும் என்னென்ன ஏமாற்றுகள் நடக்கும் என்பதைப் பட்டியலிட்டுக் காட்டுகின்றது. விளம்பரத்தின் வரலாற்றை எழுதுவோர் கூவியவனைப் பற்றி எழுதுமளவுக்கு அவனைக் கண்காணித்தவனைப் பற்றி எழுதுவதில்லை.

அச்சும் அடிமையும்

ஆங்கில மொழியில் அச்சான முதல் விளம்பரம் ஒரு நூலுக்கானது என்பது எழுத்தோடு வாழ்பவர்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சியைத் தரலாம். வில்லியம் கக்ஸ்டன் 1477இல், தான் அச்சிட்ட கிறிஸ்தவ வழிபாட்டுக் கைந்நூலை மலிவாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சிறு துண்டுத்தாள் வெளியிட்டார். தாளைக் கிழித்துவிட வேண்டாம் என்ற வேண்டுகோளை அதன் அடியில் இலத்தீனில் சேர்த்திருந்தார். சுவரொட்டியை ஒட்டுபவனின் கவலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் துண்டுத்தாளின் தொனி மாறிவிடுகின்றது. யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்க அருந்திய கோப்பி, உதுமானிய நகரங்களின் வழியாக லண்டனை அடைந்தது. 1652இல் அங்கு கோப்பிக்கடை திறந்த பஸ்குவா ரொசே வெளியிட்ட துண்டுத்தாள், கோப்பி செரிமானத்துக்கு நல்லது, தலைவலிக்கு நல்லது, கீல்வாதத்தைத் தடுக்கும் என்று அடுக்கிச்சென்றது. அதைக் குடிக்கும் துருக்கியருக்கு இந்நோய்கள் எதுவும் இல்லையென்றும் அவர்களுடைய தோல் தெளிவாகவும் வெண்மையாகவும் இருக்கின்றதென்றும் சொன்னது. ஒரு பானத்தை விற்பதற்குத் தோலின் வெண்மையை இழுத்துவந்த இந்த உத்தி பின்னரும் நம்மைத் தொடர்ந்து வருவதைக் காண்போம். 1759இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன், விளம்பரத் தொழில் இனித் திருத்துவதற்கு ஒன்றுமில்லாத அளவுக்கு நிறைவடைந்துவிட்டது என்று கேலியாக எழுதினார். அவர் கண்டது ஆரம்பத்தை மாத்திரமே.

அதே காலத்துப் பத்திரிகைப் பக்கங்களுக்கு இன்னொரு முகம் உண்டு. 1704இல் தொடங்கிய 'பொஸ்டன் நியூஸ் லெற்றர்' முதல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பத்திரிகைகள் அடிமைகளை விற்கும் விளம்பரங்களையும் தப்பியோடியவர்களைத் தேடும் விளம்பரங்களையும் வெளியிட்டன. உயரம், உடலில் உள்ள தழும்பு, பேச்சு, அணிந்திருந்த உடை, பிடித்துத் தருபவருக்கான சன்மானம் ஆகியன அவற்றில் இருக்கும். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடனத்தை 1776இல் வரைந்த தோமஸ் ஜெபர்சனே, 1769இல் 'வேர்ஜினியா கசெற்'றில் சாண்டி என்ற செருப்புத் தொழிலாளியைத் தேடி விளம்பரம் கொடுத்திருந்தார். ஜோர்ஜியா, தென் கரோலினா பத்திரிகைகளின் இத்தகைய விளம்பரங்களில் முஹம்மது முதலான முஸ்லிம் பெயர்கள் சிதைந்த எழுத்துக்கூட்டலில் தென்படுகின்றன. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அம்மனிதர்களுள் பலரைப் பற்றி, அவர்களைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட அந்த நாலைந்து வரிகளைத் தவிர வேறெந்தப் பதிவும் எஞ்சவில்லை. அவர்களுடைய வரலாற்றை மீட்டெடுக்கும் ஆய்வாளர்களுக்கு இன்று அவையே ஆவணங்கள். மனிதனைப் பண்டமாக்குதல் விளம்பரத்துக்குப் புதிதல்ல. அதன் முதற்பக்கங்களிலேயே அது இருந்தது.

வாசகன் விலைப்பட்ட விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பத்திரிகையின் செலவைப் பெரும்பாலும் வாசகனே சுமந்தான். பிரித்தானியாவில் 1712 முதல் 1853 வரை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசு வரி அறவிட்டது. ஆறு சதம் கொடுத்துப் பத்திரிகை வாங்கக் கூடியவர்கள் எங்கும் சிலரே.

1833இல் நியூயோர்க்கில் பெஞ்சமின் டே 'சன்' பத்திரிகையை ஒரு சதத்துக்கு விற்றார். 1836இல் பாரிஸில் எமில் த ஜிரார்டன் 'லா பிரஸ்' பத்திரிகையின் ஆண்டுச் சந்தாவை 40 பிராங்க் ஆக்கினார். ஏனைய பத்திரிகைகளின் சந்தாவில் அது பாதி. தாளின் விலையைக்கூட ஈடுசெய்யாத அந்தத் தொகையில் பத்திரிகை நடத்த எவ்வாறு முடிந்தது? மலிவுவிலை வாசகர்களைத் திரட்டித் தந்தது. திரண்ட வாசகர் கூட்டத்தைக் காட்டி விளம்பரதாரரிடம் பணம் பெறப்பட்டது.

விளம்பர வரலாற்றின் திருப்புமுனை இதுவே. அதுவரை பத்திரிகை பண்டமாகவும் வாசகன் வாங்குபவனாகவும் இருந்தனர். இப்போது வாங்குபவன் விளம்பரதாரன். அவனுக்கு விற்கப்படும் பண்டம் வாசகனின் கவனம். இதனால் விளைந்த நன்மையையும் மறுக்கமுடியாது. ஏழைத் தொழிலாளியின் கைக்குப் பத்திரிகை வந்ததும் எழுத்தறிவு பரவியதும் இந்த ஏற்பாட்டினால்தான். ஆனால் பத்திரிகாசிரியரின் எசமானர் யார் என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை. பத்திரிகைப் பக்கத்தின் இடத்தை வாங்கி விற்பதற்கென்று 1840களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வோல்னி பாமர் முகவர் நிலையம் ஒன்றை நடத்தினார். பின்னர் இத்தகைய நிலையங்களே விளம்பரங்களை எழுதவும் வரையவும் தொடங்கின.

சவர்க்காரமும் தேயிலையும்

ஏகாதிபத்தியத்தின் உச்சக்காலத்தில் விளம்பரம் அதன் தூதுவனாகவும் செயற்பட்டது. ஓவியர் ஜோன் மிலே 1886இல் வரைந்த, சவர்க்காரக் குமிழியை அண்ணாந்து பார்க்கும் சிறுவனின் ஓவியத்தைப் பியர்ஸ் நிறுவனம் வாங்கி, அதன் மூலையில் தனது சவர்க்காரக் கட்டியொன்றைச் சேர்த்து நாடெங்கும் பரப்பியது. கலை வணிகத்துக்கு விலைபோய்விட்டதென அக்காலத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. உண்மையில் சர்ச்சைக்குரியதாக இருந்திருக்க வேண்டியவை அதே நிறுவனத்தின் வேறு படங்கள். 1880களில் வெளியான ஒன்றில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் குளித்தெழுந்ததும் அவனுடைய உடல் வெள்ளையாகிவிடுகின்றது. 1899இல் வெளியான இன்னொன்று, தூய்மையைக் கற்பிப்பது வெள்ளையரின் 'சுமை'யை இலகுவாக்கும் முதற்படி என்று போதித்தது.

பியர்ஸ் பின்னர் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அந்தக் குடும்பத்தின் இந்தியக் கிளையான ஹிந்துஸ்தான் லீவர் 1975இல் 'பெயார் அன்ட் லவ்லி' களிம்பைச் சந்தைக்கு விட்டது. கறுத்த பெண் சிவந்ததும் தொழில் கிடைக்கின்றது, மாப்பிள்ளை கிடைக்கிறான் என்பதே அதன் விளம்பரங்களின் கதை. 2020இல் உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்பலையின் பின்னரே பெயரிலிருந்து 'பெயார்' என்ற சொல் நீக்கப்பட்டது. லண்டன் கோப்பிக் கடைக்காரர் தொட்ட அதே இடத்தை மூன்றரை நூற்றாண்டாக விளம்பரம் விடாமல் தொட்டுக்கொண்டிருக்கின்றது. இதற்கிடையில் எத்தனை சகோதரிகள் கண்ணாடிக்கு முன்னால் தலைகுனிந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

நமது நாட்டைப் பொறுத்தவரை விளம்பரத்தின் கதை தோமஸ் லிப்டனோடு பின்னிப்பிணைந்தது. கிளாஸ்கோ நகரில் பலசரக்குக் கடை நடத்திய அவர், கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலமாக நடத்தியும், 1881இல் பிரமாண்டமான பாற்கட்டியொன்றைத் தருவித்து அதனுள்ளே தங்க நாணயங்களை ஒளித்துத் துண்டு துண்டாக விற்றும் கூட்டம் சேர்த்தவர். இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயிருந்த இலங்கைக்கு 1890இல் வந்து, தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை மலிவாக வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம். இடைத்தரகர் இல்லை, கலப்படம் இல்லை, விலை குறைவு என்பதை ஒரே வரியில் சொன்ன கெட்டித்தனம் அது. நிறையும் தரமும் மாறாத சிறு பொட்டலங்களில் தேயிலையை விற்றதன் மூலம் ஆங்கிலத் தொழிலாளியின் மேசைக்கும் அதைக் கொண்டுசென்றார்.

அப்பொட்டலங்களிலும் சுவரொட்டிகளிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண் புன்னகையுடன் நின்றாள். அவள் வசித்த லயத்தின் ஒற்றையறை அதில் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவளுடைய பிள்ளைகள் நாடற்றவர்களான போதும், 2003இல் எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறும் வரையிலும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் உலகச் சந்தைகளில் இலங்கையின் அடையாளமாகத் தொடர்ந்தது. நாட்டின் முகமாகப் படத்தில் நின்றவளுக்கு நாட்டில் வாக்குரிமை இருக்கவில்லை.

ஆசையின் தொழிற்சாலை

இருபதாம் நூற்றாண்டில் விளம்பரம் உளவியலைத் துணைக்கழைத்தது. சிக்மண்ட் பிராய்டின் மருமகன் எட்வேட் பெர்னெய்ஸ் இதன் முன்னோடி. பெண்கள் பொதுவிடத்தில் புகைப்பது இழுக்கெனக் கருதப்பட்ட காலத்தில், புகையிலைக் கொம்பனி ஒன்றுக்காக 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயோர்க் வீதியில் இளம்பெண்கள் சிலரைச் சிகரட் பற்றவைத்தபடி நடக்கச் செய்தார். அவை சுதந்திரத்தின் தீப்பந்தங்கள் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் அதை விளம்பரமாகவன்றிச் செய்தியாகவே வெளியிட்டன. பெண்விடுதலை என்ற உன்னதமான வேட்கை ஒரு சிகரட் பெட்டிக்குள் அடைக்கப்பட்டது.

1947இல் விளம்பர நிலைய எழுத்தாளர் பிரான்சிஸ் கெரட்டி, டீ பியர்ஸ் வைரக் கொம்பனிக்காக, வைரம் என்றென்றைக்குமானது என்ற பொருளில் நாலு சொற்களை எழுதினார். திருமண நிச்சயத்துக்கு வைர மோதிரம் வேண்டும் என்ற 'மரபு' அமெரிக்காவில் வேரூன்றியதில் இப்பிரசாரத்துக்குப் பெரும் பங்குண்டு. தாரிமியின் வரிகள் ஒரு வணிகரின் தேங்கிய சரக்குத் தீரும்வரை வேலைசெய்தன. கெரட்டியின் வரி கொம்பனியின் சொத்தாகித் தலைமுறைகளைத் தாண்டி உழைத்தது.

சொல்லின் ஆற்றல் உயிருக்கு உலை வைத்த இடமும் உண்டு. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரித்தானிய ஆய்வாளர்களான டோல், ஹில் இருவரும் 1950இல் எடுத்துக்காட்டினர். 1954 ஜனவரியில் அமெரிக்கப் புகையிலைக் கொம்பனிகள் கூட்டுச் சேர்ந்து 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. மக்களின் உடல்நலமே தங்களுக்கு முதன்மையானது, ஆய்வு முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்பதே அதன் தொனி. அங்கு விற்கப்பட்ட சரக்கு சந்தேகம். அமெரிக்காவில் 1971இல் வானொலி, தொலைக்காட்சிச் சிகரட் விளம்பரங்கள் தடைசெய்யப்பட்டன. குழந்தைப் பால்மா விளம்பரங்கள் தாய்ப்பாலுக்குப் போட்டியாக வந்தபோது உலக சுகாதார நிறுவனம் 1981இல் ஒழுக்கக்கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரங்களுக்குத் தடைவிதித்தது. பழைய முஹ்தஸிப்பின் பணி இவ்வாறு சட்டப் புத்தகங்களில் தொடர்கின்றது.

காற்றில் வந்த குரல்

1922 ஓகஸ்டில் நியூயோர்க் வானொலி நிலையமொன்று தொடர்மாடி வீடுகளை விற்பதற்கான பேச்சொன்றைக் கட்டணம் பெற்று ஒலிபரப்பியது. 1941 யூலை முதலாந் திகதி தொலைக்காட்சியின் முதலாவது வணிக விளம்பரம், ஒரு கைக்கடிகாரத்துக்காக, அதே நகரில் வெளியானது. இந்தக் கதையில் நமது நாட்டுக்கும் ஒரு பெருமைக்குரிய அத்தியாயம் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் இங்கு நிறுவிய சக்திவாய்ந்த ஒலிபரப்புச் சாதனங்கள் போரின் பின்னர் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தன. 1950இல் அதன் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் பண்பாட்டுக்குக் கேடு எனக்கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தார். இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். அதே ஆண்டில், ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிய 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பம்பாயில் அமீன் ஸயானி ஒலிப்பதிவு செய்த நாடா வாரந்தோறும் விமானமேறிக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து துணைக்கண்டம் முழுவதும் ஒலித்தது. 2024இல் ஸயானி காலமானபோது அந்தக் குரலை நினைவுகூர்ந்தவர்களுள் அப்பற்பசையை ஒருநாளும் வாங்காதவர்களும் இருந்திருப்பார்கள்.

தமிழில் எஸ்.பி. மயில்வாகனன் தொடக்கம் பி.எச். அப்துல் ஹமீத் வரையான அறிவிப்பாளர்கள் தென்னிந்திய வீடுகளிலும் உறவினர்களைப்போல் ஆனார்கள். தெளிவான தமிழ் உச்சரிப்புக்கு இலங்கை வானொலியே இலக்கணம் என்று தமிழகத்தவர் சொல்லும் நிலை ஏற்பட்டது. நமது சமூகத்தைச் சேர்ந்த கலைஞர்களின் குரல் கடல் கடந்ததற்குப் பின்னால் பற்பசையும் மாவும் திரைப்பட விளம்பரமும் கொடுத்த பணம் இருந்தது. இலக்கியவாதிகள் விளம்பரத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம். அங்கே விளம்பரதாரன் பணம் கொடுத்தான். நேயன் பாட்டுக் கேட்டான். யார் எதைக் கேட்கிறார் என்பதை வானொலிப் பெட்டி யாருக்கும் போய்ச் சொல்லவில்லை.

திரையின் மறுபக்கம்

1994 ஒக்டோபரில் 'ஹொட்வயர்ட்' என்ற இணைய இதழில் முதலாவது பதாகை விளம்பரங்கள் தோன்றின. 2000இல் கூகிள், தேடப்படும் சொல்லுக்கேற்ப விளம்பரம் காட்டும் முறையைத் தொடங்கியது. அதன் பின்னர் வந்த சமூக வலைத்தளங்கள், பார்ப்பவரின் வயது, ஊர், விருப்பு, நட்பு, நடுநிசியில் எதில் நெடுநேரம் கண் தங்கியது என்பன அனைத்தையும் பதிவுசெய்து, அந்தக் கணிப்பை விளம்பரதாரருக்கு விலையாக்கின. முகநூல் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வருமானம் சுமார் 5,580 கோடி அமெரிக்க டொலர். அதில் 98 வீதத்துக்கும் அதிகமானது விளம்பரத்தினால் வந்தது. சேவை இலவசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜிரார்டன் தன் வாசகர் கூட்டத்தை மொத்தமாக விற்றார். இன்றைய நிறுவனம் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூறுபோட்டு விற்கின்றது.

மனிதர் திரையை விட்டு எழும்பாமல் இருக்கும் நேரமே இங்கு காசு. மனிதரை மிக நெடுநேரம் பிடித்துவைத்திருக்கக் கூடியவை கோபமும் அச்சமும். இதன் விலையை நாம் புத்தகத்தில் படித்தறியவேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகின்றது என்ற அபாண்டம் காணொளியாகப் பரவியது. மார்ச் மாதத்தில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் ஏனைய ஊர்களிலும் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, சமூக வலைத்தளங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. சிங்களத்தில் எழுதப்பட்ட குரோதப் பதிவுகள் பற்றிச் சிவில் அமைப்புகள் முறையிட்டும் அவை உரிய காலத்தில் நீக்கப்படவில்லை. 2020 மே மாதத்தில், தனது தளம் இலங்கையில் விளைவித்த பாதிப்புக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

இனக்குரோதம் விளம்பரத்தினால் பிறந்ததல்ல. அதை விதைத்தவர்களும் தண்ணீர் ஊற்றியவர்களும் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது இங்கு வானொலிகூட இருக்கவில்லை. ஆயினும் வதந்தியொன்று எவ்வளவுக்குப் பலரைப் பிடித்துவைத்திருக்கின்றதோ அவ்வளவுக்கு இலாபம் தரும் ஒரு சந்தை முன்னர் இருந்ததில்லை. திகனையில் எரிந்த கடைக்காரர் அச்சந்தையில் எதையும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை.

விளம்பரமின்றி வணிகம் இல்லை. வணிகமின்றி நமது ஊர்களும் இல்லை. நமது சிற்றிதழ்கள்கூடப் பின்னட்டையில் ஒரு புடவைக் கடையின் வாழ்த்தைத் தாங்கியே அச்சகத்திலிருந்து வெளிவருகின்றன. இதழைப் பார்த்துவிட்டு யாரும் சேலை வாங்க வரமாட்டார்கள் என்று தெரிந்தும் பணம் தரும் அந்த முதலாளியின் பெயரும் தமிழ்ச் சிற்றிதழ்களின் வரலாற்றில் எழுதப்படவேண்டும். அங்கு கொடுப்பவர் யார், எதற்குக் கொடுக்கிறார், எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறார் என்பது பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கும் எவருக்கும் தெரியும்.

கையிலிருக்கும் திரைக்கு அப்படியொரு பின்னட்டை இல்லை. நனைந்த தானியம் எங்கே இருக்கின்றது என்று பார்க்கக் குவியலுக்குள் கையைவிட வேண்டும். அந்தக் கையின் பணியைச் சட்டம் ஓரளவுக்கே செய்யும். மீதியை, சொல்லின் உள்ளே எது ஈரமாயிருக்கின்றது என்று தொட்டுப்பார்க்கப் பழகிய வாசகர்களும் எழுத்தாளர்களுமே செய்யவேண்டியிருக்கின்றது.